முத்திரை குத்திய புத்தகங்களைத் தேடி
(லண்டன் கிளையின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பழைய கதைப்புத்தகம் தேடித் திரிந்த கதையைப் பத்து நிமிடத்தில் சொல்லும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். எங்கள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்தால் பத்து நிமிடம் சிரிக்கவே காணாது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

நாங்கள் விடுதியில் இருந்தது எழுபதுகளில், இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். புதிய ஆங்கிலக் கதைப்புத்தகம் யாழ்ப்பாணத்தில் கண்ணால் காணக் கிடையாது. நூலகத்தின் மூலை அலுமாரியில் இருந்த எனிட் பிளைற்றனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசைக்கு அடிபட்டோம். எல்லோருக்கும் ஜோர்ஜாக இருக்கத்தான் விருப்பம். ஆனாக இருக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டதிலும் குடித்ததிலும் ஜிஞ்சர் பியர் ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த சாமான்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு அந்த அலுமாரி போயிற்று. பிறகு போய்ப் பார்த்தபோது இறாக்கைகூட இல்லை.

பல வருடங்கள் கழித்து, விடுமுறையில் போன எங்களில் ஒருத்தி மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில் மழைக்கு ஒதுங்கினாள். சமையல் புத்தகங்களுக்கு அடியில் ‘ஃபைவ் ஒன் எ ட்ரெஷர் ஐலன்ட்’. திறந்தால் எங்கள் பாடசாலையின் ஊதா முத்திரை. பின்னட்டை உறைக்குள் இரவல் அட்டை அப்படியே இருந்தது. மூன்றாவது வரியில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெயர், அவளுடைய சரிந்த எழுத்தில். அவள் இன்று எங்களோடு இல்லை. கடைக்காரர் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தது இவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்று பிடித்த பைத்தியம்தான் இது. சாரிங் குரொஸ் வீதி, ஹே-ஒன்-வை, தேவாலய விற்பனைகள் என்று ஏறி இறங்கினோம். ‘ஃபேமஸ் ஃபைவ்’ மொத்தம் 21 புத்தகங்கள். முதலாவது 1942, கடைசி 1963. ஐலீன் சோப்பரின் படங்களோடு ஹொடர் அன் ஸ்ரௌற்றன் போட்ட கெட்டி அட்டைப் பதிப்புத்தான் எங்கள் அலுமாரியில் இருந்தது. ஆகவே அதைத்தான் தேடினோம். ‘நான்சி ட்றூ’வில் வேறு சிக்கல். 1930 இல் தொடங்கிய அந்த வரிசையின் பழைய கதைகளை 1959 முதல் சுருக்கித் திருத்தி எழுதினார்கள். 25 அத்தியாயம் 20 ஆயிற்று. எனவே வாங்குமுன் அத்தியாயத்தை எண்ணுங்கள். கரோலின் கீன் என்று ஒருவரும் இல்லை, அது புனைபெயர். ஆரம்பப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் மில்ட்றெட் பென்சன். கீனுக்கு நாலு பக்கக் கடிதம் எழுதிய ஒருத்தி இப்போது முன்வரிசையில் இருக்கிறாள்.

சேகரிப்பவர்களுக்கு மேலுறை முக்கியம். அது இல்லாவிட்டால் விலை விழுந்துவிடும். நூலக முத்திரையோ அவர்களுக்குப் பெருங்குறை. ஒரு வியாபாரி “மன்னிக்கவேண்டும், இதில் முத்திரை இருக்கிறது” என்று விலையைக் குறைத்தார். நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். அது ஏதோ ஓர் ஆங்கிலேய ஊர் நூலகத்தின் முத்திரை, இருந்தாலும் வாங்கினோம்.

சேர்ந்தவற்றைப் பாடசாலைக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. மருதானைப் புத்தகத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. பிள்ளைகள் கிழித்துப்போடுவார்கள், அட்டையையாவது நாங்கள் வைத்திருப்போம் என்றாள் ஒருத்தி. அது நூலகத்தின் சொத்து, எங்களுடையதல்ல என்றாள் மற்றவள். இரண்டு மாதம் கதை பேச்சில்லை. கடைசியில் அட்டையோடுதான் போயிற்று. போன மாதம் அதிபர் எழுதியிருந்தார்: ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதை இரவல் எடுத்து, அதே அட்டையில் தன் பெயரை எழுதியிருக்கிறதாம்.

இதுவரை 18 சேர்ந்துவிட்டன. 1958 இல் வந்த பதினேழாவதும், கடைசி இரண்டும் இன்னும் இல்லை. உங்கள் கராஜிலும் பழைய சூட்கேஸ்களிலும் ஒருக்கால் பாருங்கள். எங்கள் ஊதா முத்திரை இருந்தால், யார் எடுத்தது என்று கேட்கமாட்டோம். பிந்திய குற்றப்பணம் நாளுக்கு ஐந்து சதம். அதைச் சங்கம் கட்டும் என்று பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.