பழைய டீசல் வண்டியும் பல்சக்கரக் கணக்கும்
(கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள், ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உரத்தைப் பற்றியோ உழவைப் பற்றியோ இன்று நான் பேச வரவில்லை. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டியைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். 2023ஆம் ஆண்டு நமது பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அந்தக் குறியீடு பழத்தை வாடாமல் காப்பதில்லை. கம்பத்திலும் கூடலூரிலும் சுருளிப்பட்டியிலும் மாலையில் பறித்த பழம் விடியுமுன் மதுரையில் இறங்கினால்தான் விலை. அகல ரயில் பாதையில் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கும் வண்டி வந்துவிட்டது. என்றாலும் தோட்டத்து வாசலிலிருந்து பழத்தை ஏற்றிச் செல்வது இன்றும் நமது பழைய பிக்கப் வண்டிதான்.

இவ்வண்டிகளை வைத்திருப்போர் பலர் சமீபகாலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, வண்டி எழுபதுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. எஞ்சின் அலறுகிறது. பின் அச்சில் கிரவுன் பினியனை மாற்றினால் வேகம் கூடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?" என்பதே அது. கடன் வாங்கிச் செய்யும் காரியமாதலால், செய்யுமுன் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய டீசல் எஞ்சினில் எரிபொருள் பம்பிலேயே கவர்னர் என்னும் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று உண்டு. குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் எஞ்சின் ஓடாதவாறு அது டீசலைக் குறைத்துவிடும். ஆகவே, எஞ்சினில் பலம் மிச்சமிருந்தாலும், சுற்று முடிந்த இடத்தில் வேகமும் முடிந்துவிடுகிறது. அதன்பின் வேகத்தை நிர்ணயிப்பது பல்சக்கரங்களின் விகிதமும் டயரின் சுற்றளவுமே. பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அதற்கு இணங்காதீர்கள். வேகத்தைவிடக் கரும்புகைதான் அதிகம் வரும். எஞ்சினின் ஆயுளும் போகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வில்லிஸ் ஜீப்பின் சி.ஜே. 3பி என்னும் வகையில் கிரவுன் சக்கரத்துக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். அதாவது புரொப்பெல்லர் தண்டு ஏறத்தாழ 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். இதே விகிதமுள்ள வண்டி ஒன்றில் நான்காம் கியர் நேர் கியர் என்றும், டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 74 கிலோமீட்டர். 39 பல்லுக்கு 8 பல் உள்ள ஜோடியை மாட்டினால், அதே சுற்றில் 81 கிலோமீட்டர். நூற்றுக்குப் பத்துப் பங்கு வேகம் கூடுகிறது. ஆனால் இது இனாமாக வருவதில்லை. சக்கரத்தின் இழுவை ஒவ்வொரு கியரிலும் நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்துவிடுகிறது.

இந்த ஒன்பது பங்கு, ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டி உசிலம்பட்டி வழியே மதுரை போகிறவருக்குப் பெரிதாகத் தெரியாது. குமுளி மலைப்பாதையில் ஏறுகிறவருக்குத் தெரியும். சுமையோடு இரண்டரை டன் எடையுள்ள வண்டியைச் சமதளத்தில் மெதுவாக உருட்டிச் செல்ல நாற்பது கிலோ அளவு இழுவை போதும். பதினைந்துக்கு ஒன்று என்ற ஏற்றத்திலோ அந்த ஏற்றம் மட்டுமே 167 கிலோ பின்னுக்கு இழுக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள போடிமெட்டுப் பாதையில் வளைவில் நின்று மீண்டும் கிளம்பும்போது, கிளட்ச் தேயும் வாசனை யாருக்கு வேண்டும்? இறங்கும்போதும் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தி அதே ஒன்பது பங்கு குறையும். அந்தப் பாரம் பிரேக்கின்மேல் ஏறும். ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் கிரவுன் பினியனைத் தொடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி நான்கு சக்கர இழுவையைப் போட்டால் உள்ளே பல் முறியும்.

அடுத்து நேரக் கணக்கு. கம்பத்திலிருந்து மதுரை சுமார் 115 கிலோமீட்டர். ஊர்களும் வளைவுகளும் போக, முழு வேகத்தில் ஓட்டக்கூடிய தூரம் 70 கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 வேகத்தில் அதைக் கடக்க ஒரு மணி நேரம். 77 வேகத்தில் ஐம்பத்தைந்து நிமிடம். ஆக, மிச்சம் ஐந்து நிமிடம்! பெட்டி அடுக்குவதற்கு ஆள் வராமல் தோட்டத்தில் நாம் காத்துக் கிடக்கும் நேரம் இதைவிடப் பன்மடங்கு என்பதை நீங்களே அறிவீர்கள்.

அப்படியானால் மாற்றத்தால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது வேகத்தில் இல்லை. அதே 70 கிலோமீட்டர் வேகத்துக்கு முன்பு 2,850 சுற்று ஓடிய எஞ்சின், மாற்றியபின் 2,585 சுற்றே ஓடும். சத்தம் தணியும், தேய்மானம் குறையும். டீசலும் ஓரளவு மிஞ்சும், ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டாதிருந்தால். 70ஐ 80 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு நூற்றுக்கு முப்பது பங்கு உயர்கிறது. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தியோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிரேக் போட்டு நிறுத்தும் தூரமும் முப்பது பங்கு நீளும். பழைய டிரம் பிரேக்கை நம்பி இதைச் செய்பவர், ஆட்டுக்கிடை நடுச்சாலையில் வரும் நம் பக்கத்தில் என்ன ஆகும் என்று யோசிக்கட்டும். 2015 அக்டோபர் முதல் தயாராகும் சரக்கு வண்டிகளுக்கு 80 கிலோமீட்டரில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டுமென்று விதி வந்திருப்பதையும் நினைவூட்டுகிறேன். புது வண்டிக்கே அதுதான் எல்லை.

மலை ஏறாமல் சமவெளியில் மட்டுமே ஓட்டுகிறவர் முதலில் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். வழக்கமான சுமையோடு சமமான சாலையில் மேல் கியரில் போகும்போது, எஞ்சின் முழுச் சுற்றையும் எட்டி அதற்குமேல் ஏற மறுக்கிறதா, அல்லது அதை எட்டாமலே மூச்சுத் திணறுகிறதா? முன்னதானால் விகிதத்தை மாற்றுவதில் அர்த்தமுண்டு. பின்னதானால், மாற்றியபின் வண்டி இன்னும் மெதுவாகத்தான் ஓடும். அவர் ஏர் பில்டரையும் நாசிலையும் பிரேக் ஒட்டுவதையும் பார்க்க வேண்டியவர்.

மலையும் சமவெளியும் இரண்டும் வேண்டுமென்பவருக்கு ஐந்து கியர் பெட்டி மேலானது. கீழ் கியர்களின் இழுவை குறையாமல் மேலே ஒரு கியர் கூடுகிறது. ஆயினும் அதே நிறுவனம் அதே வகை வண்டிக்குக் கொடுத்த பெட்டியாக இருக்க வேண்டும். வண்டியைத் தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாகத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்திற்று. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டபின்பே பட்டறைக்குப் போங்கள். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதற்கேள்வி இதுவாக இருக்கலாம். பெரிய டயர் போட்டு வேகம் கூட்டுவோரும் உண்டு. அதிலும், கிரவுன் பினியனை மாற்றுவதிலும் வேகமானி பொய் சொல்லும். நமது உதாரணத்தில் முள் 70ஐக் காட்டும்போது வண்டி 77இல் ஓடிக்கொண்டிருக்கும். வேகமானியின் பல்சக்கரத்தையும் கூடவே மாற்றச் சொல்ல வேண்டும்.

ஊராட்சி அங்கத்தினர்களுக்குத் தனியாக ஒன்று. 15 ஆண்டு கடந்த அரசு, உள்ளாட்சி வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் செல்லாது. அத்தகைய வண்டிக்கு இச்செலவை எழுதித் தீர்மானம் அனுப்பாதீர்கள். நான் கையெழுத்திட இயலாது.

தம் வண்டியின் விகிதம் தெரியாதவர்கள் அச்சைப் பிரிக்க வேண்டியதில்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் தண்டு எத்தனை முறை சுற்றியதோ அதுவே விகிதம். வெளியே ஒரு வண்டி நிற்கிறது. பட்டறைக்காரர் ஒருவரையும் வரவழைத்திருக்கிறேன். தேநீர் அருந்தியபின் அவர் அதைச் சுற்றி எண்ணிக் காட்டுவார்.