வாசல் என்னும் சொல்



சென்ற மார்கழியில் கோலமிட்டுக்கொண்டிருந்த தாயிடம் எம் இளைய மகள், "வாசல் என்றால் கதவு உள்ள இடந்தானே? நீ தரையில் அல்லவா கோலம் போடுகிறாய்?" என்று கேட்டாள். அதற்கு விடையே இச்சிற்றுரை.

'இல்' என்பது வீடு. வீட்டின் வாய் 'இல்வாய்'. அது முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று. அவ்வாறே வீட்டின் முன்னிடமாகிய 'இல்முன்' என்பது 'முன்றில்' ஆயிற்று. இவற்றை இலக்கணப்போலி என்பர். வாயில் என்பதே பேச்சில் 'வாசல்' எனத் திரிந்தது. முன்றில் நூல்களோடு நின்றுவிட, அதன் பொருளையும் வாசலே ஏற்றுக்கொண்டது. ஆதலின், வாசற்படி என்றால் நுழைவிடம். வாசல் தெளி என்றால் முன்னுள்ள நிலம்.

இங்குள்ள அண்டை வீட்டார் முற்றத்தை 'ஆங்கன்' என்கின்றனர். அதுவும் நமக்கு முற்றும் அயலன்று. 720-ஆம் குறளில் வரும் 'அங்கணம்' அதன் உறவே. நம் குழந்தைகள் வெளியில் அவ்வாறே வழங்கட்டும். வீட்டில் மட்டும் வாசல் என்றே சொல்லப் பழக்குவோம்.

நமக்கு வாய்த்த வாசல் இரண்டு முழச் சிமெண்டுத் தரை. மாற்றல் உத்தரவு வந்தால் அதுவும் பிறருக்காம். சொல்லையேனும் உடன் கொண்டுசெல்வோமாக.