ஒரு செமஸ்டர் தோழமை

எராஸ்மஸ் திட்டத்தில் சேரும் ஐரோப்பிய மாணவர், பட்டப்படிப்பின் நடுவே ஒரு செமஸ்டரையோ ஓர் ஆண்டையோ வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊர் திரும்புகிறார். அங்கே அவர் கல்விக்கட்டணம் கட்ட வேண்டியதில்லை. செலவுக்கு ஓரளவு உதவித்தொகையும் கிடைக்கிறது. 1987-இல் 11 நாடுகள் சேர்ந்து இதைத் தொடங்கியபோது முதல் ஆண்டில் புறப்பட்டவர்கள் 3,244 பேர். இன்றுவரை பயன்பெற்றவர்களோ ஒரு கோடிக்கும் மேல்.

ரோட்டர்டாம் நகர அறிஞர் எராஸ்மஸின் பெயரை இத்திட்டத்துக்கு வைத்தது மிகப் பொருத்தம். பாரிஸில் படித்துக்கொண்டிருந்த அவர் 1499-இல் இங்கிலாந்துக்குப் போனார். தங்கியது ஏறக்குறைய அரை ஆண்டுதான். அதற்குள் அங்கிருந்த அறிஞர்கள் தாமஸ் மோரும் ஜான் காலட்டும் அவருக்கு நண்பர்களாகிவிட்டார்கள். காலட்டோடு பழகியதில் அவருடைய நாட்டம் விவிலிய ஆராய்ச்சியின் பக்கம் திரும்பியது. பாரிஸுக்குத் திரும்பியதும் கிரேக்க மொழியை ஊன்றிப் படிக்கத் தொடங்கினார். 1516-இல் அவர் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாடு ஐரோப்பியச் சிந்தனையின் போக்கையே மாற்றியது. அரை ஆண்டுப் பழக்கம் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

திட்டம் உருவானதன் பின்னே ஒரு பெண்ணின் விடாமுயற்சி இருக்கிறது. இத்தாலியைச் சேர்ந்த சோஃபியா கொராதி, ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முதுநிலைப் பட்டம் பெற்று 1958-இல் ரோமுக்குத் திரும்பினார். அந்தப் படிப்பைக் கணக்கில் எடுக்கவே முடியாது என்று அவருடைய பல்கலைக்கழகம் கைவிரித்துவிட்டது. பலர் முன்னிலையில் ஏளனத்துக்கும் ஆளானார். வெளிநாட்டில் படித்ததைச் சொந்த நாடு ஏற்க வேண்டும் என்று அன்று தொடங்கிய அவருடைய போராட்டம் பலிக்க ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. இன்று மாணவர் கிளம்பும் முன்பே எந்தெந்தப் பாடம் படிப்பார், அதற்குச் சொந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன மதிப்பு என்று இரு பல்கலைக்கழகங்களும் எழுதிக் கையெழுத்திடுகின்றன. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது பொதுக் கணக்கு. இது வெறும் அலுவலக நடைமுறை அல்ல. படிப்பு வீணாகாது என்ற உறுதி இருந்தால்தான் மாணவருக்கு மனிதர்களோடு பழக மனம் வரும்.

அந்தப் பழக்கம் பெரும்பாலும் சமையலறையில்தான் தொடங்குகிறது. ஐரோப்பிய மாணவர் விடுதிகள் பலவற்றில் ஒரு மாடிக்கு ஒரு சமையலறை. ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு. மாலை ஐந்தரைக்கே சாப்பிட்டு முடித்துவிடும் ஃபின்லாந்து மாணவி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். இத்தாலியன் எட்டு மணிக்குப் பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைப்பான். ஸ்பெயின்காரர்கள் பத்து மணிக்குத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் போனவர் யார் என்ற தகராறு ஒருநாள் வெடிக்கும். அடுத்த வாரம் அதே சட்டியில் எல்லோருக்குமாக ஒன்று வேகும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை ரொட்டியும் முட்டையும் வாங்க மறந்தவர் பக்கத்து அறைக் கதவைத் தட்டியே ஆக வேண்டும். அப்படித் தட்டிய கதவுகளிலிருந்து முளைத்த நட்புகள் ஏராளம்.

வெளிநாட்டு மாணவரின் நட்பு வட்டங்களை மூன்றாகப் பிரித்தார் உளவியலாளர் ஸ்டீஃபன் போக்னர். 1977-இல் உடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, எந்த நட்பு எதற்கு உதவுகிறது என்று விளக்கியது. சொந்த நாட்டாரின் வட்டம் மனம் சோர்ந்தால் தாங்கும். உள்ளூராரின் வட்டம் படிப்புக்கும் அன்றாடக் காரியங்களுக்கும் கைகொடுக்கும். பிற வெளிநாட்டாரின் வட்டத்தில் சேர்ந்து ஊர்சுற்றலாம். எல்லோருமே புதியவர்கள் என்பதால் ஒருவருக்கொருவர் துணையாகவும் இருப்பார்கள்.

இவற்றில் கடினமானது உள்ளூர் நட்புதான். உள்ளூர் மாணவருக்குப் பள்ளிக் காலத்து நண்பர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வார இறுதியில் பலர் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஐந்து மாதத்தில் கிளம்பிவிடப் போகிறவரிடம் என்ன பழகுவது என்ற தயக்கமும் உண்டு. மொழி இன்னொரு தடை. பவேரியாவில் பேராசிரியரின் பொது ஜெர்மன் புரியும். பக்கத்து இருக்கையில் நடக்கும் வட்டாரப் பேச்சு புரியாது. வெளிநாட்டார் கூடும் இடத்திலோ எல்லோருக்குமே ஆங்கிலம் அரைகுறை. பிழைக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. ஆகவே பலர் அந்த வட்டத்துக்குள்ளேயே செமஸ்டரை முடித்துவிடுகிறார்கள். அதை முழுக் குறையென்று சொல்வதற்கில்லை. ஆனால் போன நாட்டை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வருவதாக அது முடிந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்யத் தானாக நடக்கட்டும் என்று விடாமல் ஏற்பாடு செய்வதே வழி. மொழி இணை அப்படியொரு நல்ல ஏற்பாடு. ஒரு காபிக்கடை மேசையில் உள்ளூர் மாணவர் ஒருவரும் வெளிநாட்டு மாணவர் ஒருவரும். அரை மணி நேரம் ஜெர்மன், அடுத்த அரை மணி நேரம் ஸ்பானியம். முதல் பாதியில் திணறியவர் இரண்டாம் பாதியில் ஆசிரியராகிவிடுவார். இருவரில் எவரும் உதவி கேட்பவராக மட்டும் இருப்பதில்லை என்பதே இதன் சிறப்பு.

இவ்வளவு குறுகிய காலத்தில் மனிதர் மாறுவாரா என்ற கேள்விக்கு ஜெர்மனியின் யெனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு விடை தந்தார்கள். வெளிநாடு சென்றவர்கள், சொந்த ஊரிலேயே படித்தவர்கள் என 1,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை யூலியா ஸிம்மர்மனும் ஃபிரான்ஸ் நெயரும் தொடர்ந்து கவனித்தனர். சென்றுவந்தவர்களிடம் புதியதை ஏற்கும் மனமும் பிறரோடு இணங்கிப்போகும் இயல்பும் கூடியிருந்தன, மனப்பதற்றம் குறைந்திருந்தது. இதில் முக்கியமானது, இந்த மாற்றத்தில் பெரும்பங்கு அங்கே கிடைத்த புதிய வெளிநாட்டு உறவுகளுக்கு இருந்தது என்பதுதான். பார்த்த அருங்காட்சியகங்களும் கடந்த எல்லைகளும் ஒருவரை இப்படி வளர்ப்பதில்லை. வேறு விதமாகச் சிந்திக்கும் ஒருவருக்குத் தன் பழக்கத்தை விளக்க வேண்டிவரும்போதுதான், அது தன் பழக்கம் என்பதே ஒருவருக்குத் தெரியவருகிறது.

வெளிநாட்டில் தொடக்க நாட்கள் மகிழ்ச்சியாகவும் நடுக்காலம் சோர்வாகவும் இருக்கும் என்று 1955-இல் எழுதினார் நார்வே நாட்டு ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கோர். ஆனால் பிற்கால ஆய்வுகள் முதல் வாரங்களே மிகக் கடினம் என்று காட்டின. அறைச் சாவி, வங்கிக் கணக்கு, நகராட்சிப் பதிவு எல்லாம் ஒன்றாகத் தலையில் விழுவதும் அப்போதுதான். அந்த வாரங்களில் உடன் ஒருவர் நடந்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

திரும்பிய பிறகும் ஒரு சங்கடம் இருக்கிறது. வீட்டில் எதுவும் மாறியிருக்காது; வந்தவர் மாறியிருப்பார். கதை கேட்க நண்பர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் பொறுமை இருக்காது. இப்படித் திரும்பியவர்களுக்கு நல்ல வேலை வைத்திருக்கிறது 1989-இல் உருவான எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பு. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்னார்வலர்களால் நடக்கும் இந்த அமைப்பில் போய்வந்த மாணவர்கள் பலர் சேர்கிறார்கள். புதிதாக வருபவரை வரவேற்று, நகராட்சி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் உடன் போய், முதல் வாரத்திலேயே தங்கள் உள்ளூர் நண்பர்களிடம் அறிமுகப்படுத்தி வைக்கிறார்கள்.