கட்டளையால் வந்த காணி
(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அப்பாச்சி என்று சொன்னால் தகப்பனைப் பெற்ற கிழவியின் முகந்தான் நம்மவர் மனத்தில் தோன்றும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட அப்பாச்சிகள் வேறு. அமெரிக்காவின் தென்மேற்கே, இப்பொழுது அரிசோனா, நியூ மெக்சிக்கோ என்று வழங்கும் மாநிலங்களிலும், எல்லைக்கு அப்பால் மெக்சிக்கோவின் மலைகளிலும் வாழ்ந்த பழங்குடி மக்கள் அவர்கள். அப்பாச்சி என்ற பெயரைப் பிறரே அவர்களுக்கு இட்டனர். அயலவரான சூனி மக்களின் மொழியில் பகைவர் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அது வந்ததென்பர். அவர்கள் தம்மை அழைப்பது ‘இந்தே’ என்று. மக்கள் என்பது அதன் பொருள். குதிரைமேல் ஊளையிட்டு வந்து வண்டிகளைக் கொளுத்தும் கொடியவர்களாகப் படமாளிகைகளில் அவர்களைக் கண்டிருக்கின்றோம். அவ்வண்டிகள் யாருடைய நிலத்தினூடே சென்றன என்பதைப் படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் காட்டியதில்லை.

அவர்களுடைய வீரத்தைப் பாட நான் இங்கு வரவில்லை. அதைப் பாடினோர் பலர். சட்டம் பயின்றவன் என்ற முறையில் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. போரில் தோற்ற நாட்களிலே அவர்கள் இழந்த நிலத்திலும், சமாதானமாக இருந்த நாட்களிலே இழந்த நிலம் குறைவானதன்று. அதை எப்படி இழந்தார்கள் என்பதையே சொல்ல வந்தேன்.

1848ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் குவாதலூப்பே ஹிடால்கோ உடன்படிக்கையின்படி, போரில் தோற்ற மெக்சிக்கோ தன் வடபுலத்தை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. 1853ஆம் ஆண்டு முடிவில் இன்னொரு துண்டை விற்க உடன்பட்டது; இறுதியில் நின்ற விலை 1 கோடி டொலர். இவ்விரு பேரங்களிலும் அப்பாச்சிகளிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்டாரில்லை. அவர்களுடைய மலைகளிலே மெக்சிக்கோவின் ஆணை ஒருநாளும் சென்றதில்லை. தன் கைவசம் இல்லாத காணிக்கு உறுதி முடித்து விற்பவனை ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பதைக் கமக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

1852ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மங்காஸ் கொலராடாஸ் என்னும் பெருந்தலைவர் அமெரிக்காவுடன் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டார். அப்பாச்சிகளின் எல்லைகளை அரசாங்கம் தனக்கு வசதியான மிக முந்திய காலத்தில் வகுத்துக் கொடுக்கும் என்பது அதிலுள்ள ஒரு வாசகம். அமெரிக்க செனற் சபையும் அவ்வுடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அந்த வசதியான காலம் மட்டும் வரவேயில்லை. வந்தவை தங்கச் சுரங்கமும் தபால் வண்டிப் பாதையும் பட்டாளக் கோட்டைகளுமே. 1863ஆம் ஆண்டு சனவரியில் சமாதானம் பேச வந்த அதே மங்காஸ் பிடிக்கப்பட்டுக் காவலிலே சுடப்பட்டார். பின்பு அவருடைய தலையை வெட்டி, மண்டையோட்டை ஆராய்வதற்கென்று கிழக்கே அனுப்பினார்கள்.

அப்பாச்சிகள் குற்றமற்றவர்கள் என்று நான் வாதாடவில்லை. சொனோராவின் ஊர்களிற் புகுந்து கால்நடை கவர்வது அவர்களுக்கு நெடுநாள் வழக்கம். கொலையும் செய்தனர்; பிள்ளைகளையும் கொண்டு சென்றனர். அப்பாச்சித் தலையின் தோலுக்கு விலை வைத்து 1835இல் சொனோராவும் 1837இல் சிவாவாவும் பணங் கொடுக்கத் தொடங்கின என்பதையும் உடன் சேர்த்தே எண்ணவேண்டும். ஆணின் தோல், பெண்ணின் தோல், பிள்ளையின் தோல் என்று சிவாவாவில் விலைப்பட்டியலே இருந்தது.

இனி 1871ஆம் ஆண்டுக்கு வருவோம். எஸ்கிமின்சின் என்னும் தலைவரின் கீழிருந்த அரவைப்பா அப்பாச்சிகள் அரிசோனாவிலே கிராண்ட் முகாமுக்கு வந்து, தங்கள் ஆற்றங்கரையில் இருந்து பயிர் செய்ய இடந் தாருங்கள் என்று கேட்டனர். லெப்டினன்ற் றோயல் விற்மன் என்ற அதிகாரி அவர்களை இருத்தி, கோட்டைக் குதிரைகளுக்குப் புல் அறுக்கும் வேலை கொடுத்தார். கூலி இறாத்தலுக்கு ஒரு சதம். அவ்வாண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் விடியற்காலையில், தூசோன் நகரத்து வெள்ளையரும் மெக்சிக்கரும், அப்பாச்சிகளுக்குப் பழம்பகைவரான தொகோனோ ஓதாம் மக்களும் ஏறத்தாழ 150 பேர் கூடிவந்து, உறங்கிக் கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்தனர். கொலையுண்டோர் நூற்றுக்கு மேல். அவர்களில் ஆண்கள் எட்டுப் பேர் என்பது பதிவு. மற்றையோர் பெண்களும் பிள்ளைகளும். ஏறத்தாழ 30 பிள்ளைகளைப் பிடித்துச் சென்றனர்.

ஜனாதிபதி கிராண்ட் இதனைக் கொலையென்றே சொன்னார். விசாரணை நடத்தாவிட்டால் இராணுவச் சட்டம் வருமென அச்சுறுத்தியதனால் டிசெம்பர் மாதத்தில் வழக்கு நடந்தது. எதிரிக் கூண்டிலே ஏறத்தாழ 100 பேர்; விசாரணை ஐந்து நாள்; யூரிமார் ஆலோசித்த நேரம் பத்தொன்பது நிமிடம். எல்லோரும் விடுதலை! இரகசியமாக நடந்த கொலையன்று இது. செய்தவர்கள் யாரென்பது ஊரறிந்த செய்தி. நீதிபதியும் இருந்தார், சட்டப் புத்தகமும் இருந்தது. யூரிமார் எல்லோரும் கொன்றவர்களின் அயலவர்கள்.

அதே ஆண்டு மார்ச் 3ஆம் நாள் வாஷிங்டனில் இன்னொன்று நடந்தது. இனிமேல் எந்த இந்தியக் குலத்தையும் உடன்படிக்கை செய்வதற்குரிய தனித் தேசமாக ஏற்பதில்லை என்று காங்கிரஸ் ஒரு செலவினச் சட்டத்தோடு சேர்த்து விதித்துவிட்டது. கிராண்ட் முகாமில் இறந்தவர்களைப் பற்றி ஓரளவாவது எழுதினார்கள். இந்த வாசகத்தைப் பற்றி அப்பாச்சி மலைகளில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

1872ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், கொச்சீஸ் என்னும் சிரிக்காவா அப்பாச்சித் தலைவரைத் தேடி ஜெனரல் ஹவார்ட் மலைக்குச் சென்றார். 1861இல் தான் செய்யாத குற்றத்துக்காகப் பேச்சுவார்த்தைக் கூடாரத்திலே மறிக்கப்பட்டு, கூடாரத்தைக் கிழித்துக் கொண்டு தப்பியவர் கொச்சீஸ். அவர் தப்பிய பின்னர் அவருடைய சகோதரரையும் மருமக்களையும் பட்டாளத்தார் தூக்கிலிட்டனர். அன்று தொட்டு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு அவர் போரிட்டார். ஹவார்ட் வாக்குக் கொடுத்தார்: டிரகூன், சிரிக்காவா மலைகள் உங்களுக்கே, நீங்கள் நம்பும் ரொம் ஜெஃபோர்ட்ஸ் என்பவரே உங்கள் ஏஜண்ட். டிசெம்பர் 14ஆம் நாள் ஜனாதிபதியின் கட்டளை பிறந்தது, ஒதுக்குநிலம் உண்டாயிற்று. கொச்சீஸ் 1874ஆம் ஆண்டு யூன் 8ஆம் நாள் இறக்கும்வரை அமெரிக்கருக்குக் கொடுத்த சொல்லைக் காத்தார்.

இங்கேதான் என் வழக்கு இருக்கின்றது. கொச்சீசுக்குக் கிடைத்தது உடன்படிக்கையன்று. காங்கிரஸ் இயற்றிய சட்டமுமன்று. நிர்வாகத்தின் கட்டளை மாத்திரமே. எழுதிய கை அழிக்கவும் கூடும்; அழிப்பதற்கு எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை. 1876ஆம் ஆண்டு வசந்தத்தில், சாராயம் விற்ற இரு வெள்ளையரைச் சில அப்பாச்சிகள் கொன்றனர். அதைக் காரணங் காட்டி, யூன் மாதத்தில் அங்கிருந்தவர்களிற் சுமார் 325 பேரைச் சான் கார்லோசுக்குக் கொண்டுபோனார்கள். ஏனையோர் பலர் மெக்சிக்கோவுக்கு ஓடினர். அவர்களில் ஜெரோனிமோவும் ஒருவர். ஒக்ரோபர் 30ஆம் நாள் இரண்டாங் கட்டளை வந்தது, காணி பொதுநிலமாயிற்று. கொச்சீசின் வாக்கு அவர் உயிரோடு முடிந்தது என்றாலும் பிசகாமல் முடிந்தது. அரசாங்கத்தின் வாக்கு நாலு வருடங்கூட நிற்கவில்லை. இருவர் செய்த கொலைக்கு அவ்விருவரையும் பிடித்துத் தண்டிப்பதல்லவா சட்டம்? ஒரு குலத்தின் நிலத்தையே தண்டமாக எடுப்பது எந்தச் சட்டம்?

சான் கார்லோஸ் வெக்கையும் காய்ச்சலும் நிறைந்த ஆற்றுத் தாழ்நிலம். தம்முள் ஒவ்வாத பல குலத்தாரை அங்கே ஒன்றாய் அடைத்துப் பங்கீட்டு மாவுக்குக் காத்திருக்க வைத்தனர். செம்பும் வெள்ளியும் கண்ட இடங்களை அந்த ஒதுக்குநிலத்திலிருந்தும் துண்டு துண்டாக நறுக்கினர். 1877இல் ஓஹோ காலியந்தே என்ற தம் ஊற்றுநிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட விக்ற்றோரியோ அங்கே இருக்கமாட்டாமல் வெளியேறி, 1880ஆம் ஆண்டு ஒக்ரோபரில் மெக்சிக்கப் படையின் கையில் மாண்டார். அவர் கேட்டதெல்லாம் அந்த ஊற்றுநிலத்தைத்தான்.

ஜெரோனிமோவின் கதையை நீங்கள் அறிவீர்கள், சுருக்குகின்றேன். நாற்பது பேருக்கும் குறைந்த ஒரு கூட்டத்தைப் பிடிக்க 5,000 அமெரிக்கப் போர்வீரர் அலைந்தனர். 1886ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள் அவர் சரணடைந்தார். நான் சொல்லவேண்டியது மற்றவர்களின் கதை. அவ்வேளையில் சிரிக்காவா மக்களிற் பெரும்பாலோர், ஏறத்தாழ நானூறு பேர், ஒதுக்குநிலத்தில் அமைதியாக இருந்தனர், பயிர் விதைத்திருந்தனர். அவர்களுடைய ஆண்கள் பலர் அமெரிக்கப் பட்டாளத்துக்கு வழிகாட்டிகளாக ஊழியஞ் செய்தவர்கள். அவர்களையும் ரயிலேற்றி ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள். ஜெரோனிமோவிடம் தூது சென்ற மார்ட்டீன், கயீத்தா என்ற இருவரும் அதே சிறைக்குப் போனார்கள். சாத்தோ என்பவரை வாஷிங்டனுக்கு அழைத்துப் பதக்கம் கொடுத்து, வீடு திரும்பும் வழியில் மறித்துக் கைதியாக்கினார்கள்.

குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. போர்க் கைதிகள் என்ற பெயரோடு 27 ஆண்டுகள் ஃபுளோரிடாவிலும், அலபாமாவிலும், ஒக்லஹோமாவின் சில் கோட்டையிலும் கிடந்தனர். சிறையிற் பிறந்த பிள்ளையும் போர்க் கைதியே. பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகளிற் பலர் காசநோயால் மடிந்தனர்.

சட்டம் அப்பொழுது இல்லாமலா இருந்தது? 1879ஆம் ஆண்டிலேயே, நெப்ராஸ்காவில் பொன்கா குலத்தலைவர் ஸ்ராண்டிங் பெயர் கொண்டுவந்த ஆட்கொணர்வு வழக்கில், இந்தியனும் சட்டத்தின் கண்ணில் ஆளே என்று நீதிபதி டண்டி தீர்த்திருந்தார். அவ்வழக்கில் எதிர்மனுதாரராக நின்றவர் ஜெனரல் குறூக். அதே குறூக்தான் பின்னர் அப்பாச்சி வழிகாட்டிகளைப் படையிற் சேர்த்தவர். அவர்கள் சிறையிலிருந்தபொழுது தாம் சாகும்வரை அவர்களுக்காக மன்றாடியவரும் அவரே. தீர்ப்பு புத்தகத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இவர்களுக்காக நீதிமன்றப் படியேற ஒரு சட்டத்தரணி இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னைவிட்டு அகலுவதில்லை.

1905இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் பதவியேற்பு ஊர்வலத்திலே ஜெரோனிமோவைக் குதிரையேற்றிக் காட்சிப்பொருளாக்கினார்கள். என்னை அரிசோனாவுக்குத் திருப்பி அனுப்புங்கள் என்று அவர் ஜனாதிபதியிடம் நேரிற் கேட்டார், மறுக்கப்பட்டது. 1909ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள் கைதியாகவே இறந்தார். 1913இல் விடுதலை வந்தபொழுது பெரும்பகுதியினர் நியூ மெக்சிக்கோவில் மெஸ்கலேரோ அப்பாச்சிகளிடம் போய்ச் சேர்ந்தனர். எஞ்சியோர் ஒக்லஹோமாவில் தங்கினர். அரிசோனாவுக்கு ஒருவரையும் விடவில்லை.

1946இல் இந்தியர் உரிமைக்கோரிக்கை ஆணைக்குழு அமைந்தது. ஏறத்தாழ 1 கோடி 50 இலட்சம் ஏக்கர் அவர்களுடையதாக இருந்ததென்றும், 1886 செப்டெம்பர் 4ஆம் நாள் அது பறிக்கப்பட்டதென்றும் அவ்வாணைக்குழு கண்டது. ஆனால் பணங் கொடுக்கத்தான் அதற்கு அதிகாரமுண்டு. ஒரு முழம் மண்ணும் மீட்டுக் கொடுக்க முடியாது. சிறையிருந்த 27 ஆண்டுகளுக்கு நட்டஈடு கேட்டபொழுது, அது ஒவ்வொரு தனியாளுக்கும் நேர்ந்த தீங்கு, குலத்துக்கு நேர்ந்ததன்று. ஆகவே குலத்தின் வழக்குச் செல்லாது என்று 1973இல் தீர்ப்பாயிற்று. சிறைக்கு அனுப்பியபொழுது குலமாகவே அனுப்பினார்கள். ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தார்களில்லை.

2011ஆம் ஆண்டிலே, நியூ மெக்சிக்கோவில் டெமிங் நகருக்கு அண்மையிலுள்ள அக்கேலா என்னுமிடத்தில் ஒரு துண்டு நிலத்தைச் சில் கோட்டை அப்பாச்சிகளின் ஒதுக்குநிலமாக வாஷிங்டன் பிரகடனஞ் செய்தது. அதன் பரப்பு 30 ஏக்கர். குலத்தின் அலுவலகம் இன்னும் ஒக்லஹோமாவிலேயே நடக்கின்றது.