மழை வருமுன் செய்தி வர வேண்டும்



ஆண்டிறுதி நெருங்கிவிட்டால் கிளந்தான், திரங்கானு, பகாங் மக்கள் வானத்தைப் பார்ப்பதற்கு முன் தொலைக்காட்சியைப் பார்க்கிறார்கள். மழை எப்போது வலுக்கும், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களை மேலே ஏற்றிவைக்க வேண்டுமா, வாகனத்தை மேட்டு நிலத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிட வானிலை அறிவிப்பைப் பொறுத்திருக்கிறது. அந்த ஒரு நிமிடம் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர எத்தனை நாடுகள் ஒன்றோடொன்று பேசியிருக்க வேண்டும் என்பதை நேயர்கள் என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

கிழக்குக்கரையில் கொட்டும் மழைக்குக் காரணமான குளிர்காற்று சைபீரியாவில் பிறக்கிறது. சீனாவைக் கடந்து, தென்சீனக் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு, சில நாட்களில் நம் கரையைத் தொடுகிறது. ஆகவே கோத்தாபாருவில் பெய்யப்போகும் மழைக்கான முதல் தடயம் கோத்தாபாருவில் கிடைக்காது. சீனக் கரையில் உள்ள காற்றழுத்தமானியில்தான் கிடைக்கும். அங்குள்ளவர்கள் சொல்லாவிட்டால் இங்குள்ளவர்களுக்குத் தெரியாது. காற்றுக்குக் கடப்பிதழ் கிடையாது. எல்லையில் நின்று முத்திரை குத்திக்கொண்டு வருவதும் கிடையாது.

இதை உணர்ந்துதான் உலக வானிலை ஆய்வு நிறுவனம் 1963ஆம் ஆண்டு உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போரில் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போதும் வாஷிங்டன், மாஸ்கோ, மெல்பர்ன் ஆகிய மூன்று நகரங்களும் உலக மையங்களாக இருந்து வானிலைத் தகவல்களைப் பரிமாறிக்கொண்டன. பகைமை ஒரு பக்கம் இருக்கட்டும், புயல் இரு தரப்புக்கும் பொது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பகிர்ந்துகொள்ள மனம் இருந்தால் போதுமா? வழியும் இருக்க வேண்டும். எவ்வளவு தகவல் வரும், எந்நேரத்தில் வரும், அதைச் சுமக்க எவ்வளவு பெரிய இணைப்பு வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு தப்பினால் முன்கணிப்பே பயனற்றுப் போகும்.

பெருநாள் நெடுஞ்சாலை

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்பும்போது அதே சாலையில் வாகனம் ஊர்கிறது. ஆண்டு முழுவதற்குமான சராசரியை மட்டும் பார்த்தால் அந்தச் சாலை போதுமானதாகவே தெரியும். பெருநாள் கூட்டத்தை மனத்தில் வைத்துத்தான் அதைத் திட்டமிட வேண்டும்.

வானிலைத் தகவலும் அப்படித்தான். உலகெங்கும் ஒரே நேரத்தில் அளவெடுக்கிறார்கள். மேல்வானத்தை அளக்கும் பலூன்கள் நம் நாட்டு நேரப்படி காலை 8 மணியையும் இரவு 8 மணியையும் ஒட்டி எல்லாக் கண்டங்களிலும் பறக்கவிடப்படுகின்றன. எல்லா நிலையங்களும் ஏறக்குறைய ஒரே வேளையில் தகவல் அனுப்புகின்றன. பெரிய கணினி மையங்கள் அவற்றை வாங்கிக் கணக்கிட்டு, முடிவுகளையும் ஒரே வேளையில் வெளியிடுகின்றன. நாள் முழுவதும் காலியாகக் கிடக்கும் இணைப்பு அந்த ஓரிரு மணி நேரத்தில் மூச்சுத் திணறுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. பூமி முழுவதையும் கால் பாகை இடைவெளியில் கட்டம் போட்டால் 10 லட்சத்து 38 ஆயிரம் புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் வெப்பம், காற்று, ஈரம், அழுத்தம் என்று பல உயரங்களில் 100 எண்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எண்ணுக்கு 2 பைட். பத்து நாட்களுக்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வீதம் 40 முறை. மொத்தம் ஏறக்குறைய 8 ஜிகாபைட்.

வினாடிக்கு 64 கிலோபிட் கொண்டுவரும் இணைப்பு ஒரு காலத்தில் பல நாடுகளுக்குப் பெரிய வசதியாக இருந்தது. அந்த இணைப்பில் இந்த 8 ஜிகாபைட் வந்து சேர எத்தனை நாள் ஆகும்? பதினொன்றரை நாள்! பத்து நாளுக்கான முன்கணிப்பு பதினொன்றரை நாள் கழித்து வந்தால் அதற்குப் பெயர் முன்கணிப்பா? பழைய நாளிதழைப் படிப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

இதோடு முடியவில்லை. இன்றைய மையங்கள் ஒரே முன்கணிப்பைத் தொடக்க நிலையில் சிறு மாற்றங்களோடு 50 தடவை ஓட்டிப் பார்க்கின்றன. அதில் 40 தடவை வெள்ளம் என்று வந்தால் நம்பலாம். 5 தடவை மட்டும் வந்தால் விழிப்போடு இருக்கலாம். பயன் பெரிது. சுமையும் 50 மடங்கு.

எல்லாம் வேண்டுமா?

அப்படியானால் ஆகப் பெரிய இணைப்பை வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? எல்லா நாட்டுக்கும் அந்தப் பணம் இல்லை. திட்டமிடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எல்லாம் வேண்டுமா என்பதுதான். தென்கிழக்காசிய நாடொன்றுக்கு ஐஸ்லாந்தின் நாளைய வெப்பநிலை அவசரமில்லை. நம் வட்டாரத்தைச் சுற்றி 40 பாகைக்கு 40 பாகை என்று வெட்டி எடுத்தால் மொத்தத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் வரும். 8 ஜிகாபைட் 200 மெகாபைட் ஆகிவிடும். வினாடிக்கு 2 மெகாபிட் உள்ள இணைப்பில் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

ஜப்பானின் ஹிமாவாரி 8 துணைக்கோள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது 2015 ஜூலையில் பணிக்கு வந்தபோது, முந்தைய துணைக்கோளில் 5ஆக இருந்த அலைவரிசைகள் 16ஆகின. படத்தின் துல்லியம் இரண்டு மடங்கானது. பூமியின் முழு முகமும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படமெடுக்கப்பட்டது. பெருக்கிப் பார்த்தால் தகவலின் அளவு பல பத்து மடங்கு ஏறியது புரியும். ஜப்பானியர்கள் என்ன செய்தார்கள்? வலுவான இணைய இணைப்புள்ள வானிலைத் துறைகளுக்கு இணையம் வழி முழுப் படங்களைக் கொடுத்தார்கள். இணைப்பு மெலிந்த நாடுகளுக்காக, அளவு குறைத்த படங்களைத் தகவல்தொடர்புத் துணைக்கோள் ஒன்றின் வழி ஒலிபரப்பினார்கள். ஒரு தட்டு அலைவாங்கி இருந்தால் பசிபிக் தீவில் உள்ள சிறு அலுவலகமும் பெற்றுக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் ஹிமாவாரி 9 அந்தப் பொறுப்பை ஏற்றது.

யாருக்கு முதலில் வழி?

2004 டிசம்பர் 26ஆம் நாளை யாரும் மறந்திருக்க முடியாது. நம் நேரப்படி காலை 9 மணி அளவில் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. பினாங்குக் கரையை அலை தாக்கியது நண்பகல் தாண்டிய பிறகு. இடையில் சில மணி நேரம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை முறைதான் இல்லை. மலேசியாவில் மட்டும் 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதன் பிறகே, வானிலைத் தகவலுக்காக அமைந்த அதே உலகத் தொலைத்தொடர்பு இணைப்புகள் இந்தியப் பெருங்கடல் நாடுகளில் மேம்படுத்தப்பட்டு, சுனாமி எச்சரிக்கையும் அவற்றின் வழி அனுப்பப்பட்டது.

எச்சரிக்கைச் செய்தி எவ்வளவு பெரியது? அரைப் பக்கம்கூட இராது. ஆனால் அது ஒரு பெரிய துணைக்கோள் படத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றால் என்ன ஆகும்? சாலையில் அவசர மருத்துவ வண்டிக்கு வழிவிடுவது போல, இணைப்பிலும் எச்சரிக்கைக்கு முதலிடம் ஒதுக்க வேண்டும். ஒரு வழி அறுந்தால் மறு வழி இருக்க வேண்டும். கடலடிக் கம்பிவடம் அறுவது நாம் அறியாத செய்தி அல்லவே.

மெல்லிய கம்பியும் நம் கம்பிதான்

2021 அக்டோபரில் உலக வானிலை நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஒரு புதிய கொள்கைக்கு இசைந்தன. அடிப்படையான தகவல்களை எந்த நாடும் கட்டணமின்றி, தடையின்றிப் பகிர வேண்டும் என்பது அதன் சாரம். 2025 ஜனவரியில் புதிய பரிமாற்ற முறையும் நடைமுறைக்கு வந்தது. பழைய முறையில் ஒரு மையம் இன்னொரு மையத்துக்குக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பும். புதிய முறை நாளிதழுக்குச் சந்தா கட்டுவது போன்றது. தகவல் வந்ததும் சந்தாதாரருக்குச் சிறு அறிவிப்பு போகும். தேவையானதை மட்டும் அவர் இணையம் வழி எடுத்துக்கொள்வார். தனிக் கம்பி இழுக்க முடியாத நாடும் இதில் சேரலாம்.

இருந்தாலும் இணையமே தடுமாறும் நாடுகள் உள்ளன. அங்கு மின்சாரம் போனால் நிலையமும் ஊமையாகிவிடும். அது அவர்கள் பிரச்சினை என்று மற்றவர்கள் இருந்துவிட முடியாது. அந்த நிலையத்தின் அளவு வராவிட்டால் உலக வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாகும். அந்த வெறுமையில் தொடங்கும் பிழை சில நாட்களில் அண்டை நாட்டு முன்கணிப்பிலும் வந்து உட்காரும்.

2001 டிசம்பர் 27ஆம் நாள், பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்ற நம்பிக்கையைப் பொய்யாக்கிவிட்டு, வாமெய் புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. இங்கு வராது என்று இருந்துவிட முடியாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இணைப்புக்கு ஒதுக்கும் பணம் வெயில் நாளில் வீண் செலவாகத்தான் தெரியும். வெள்ளம் வருமுன் அணை போடு என்றார்கள் பெரியவர்கள். இன்று அந்த அணையின் முதல் கல், நேரத்துக்கு வந்து சேரும் செய்தி.