பெயர் மறந்து வந்தவர்
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினியர் மனநோயைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் நினைக்கலாம். என் மனதில் ஒரு பாரம் இருக்கிறது, அதனால்தான் பேசுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்பு, மரக்காணம் உப்பளத்தில் பம்ப்செட் வேலை. நல்ல வெயில். சலவைச் சட்டை போட்ட ஒருவர் வரப்பு மேலேயே நடந்து வந்தார். "உங்க பேர் என்ன?" என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "தெரியலையே சார்" என்றார். ஆனால் கையிலிருந்த பேப்பரைத் தடையில்லாமல் படித்தார். 'குடிகாரன்' என்றார்கள் சிலர். உப்பு வாரும் ஆயா மட்டும், "யாரு பெத்த புள்ளையோ" என்று தன் கஞ்சியைக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? இருபது ரூபாய் கொடுத்துப் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்!

பிறகுதான் 'டிசோசியேட்டிவ் ஃப்யூக்' பற்றிப் படித்தேன். தாங்க முடியாத அதிர்ச்சியிலோ நெருக்கடியிலோ, தான் யார் என்பதே மறந்து ஊரைவிட்டுப் போய்விடும் அபூர்வ நிலை. ஓவர்லோடில் ஃப்யூஸ் போவது மாதிரி. பெரும்பாலும் நினைவு திரும்பிவிடும். அலைந்த நாட்கள் மட்டும் மறந்துபோகலாம். 1887-ல் அமெரிக்காவில் ஆன்செல் போர்ன் என்ற மதபோதகர் காணாமல் போய், வேறு ஊரில் பிரவுன் என்ற பெயரில் கடை வைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து, 'நான் எங்கே இருக்கிறேன்?' என்று விழித்தார்.

ஆனால் பெயர் மறந்தவர்களுக்கெல்லாம் இதே நோய் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. 2002-ல் ஐதராபாத்தில் டேவிட் மெக்லீன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ரயில்வே பிளாட்பாரத்தில் தான் யாரென்று தெரியாமல் நின்றார். காரணம், மலேரியா தடுப்புக்குச் சாப்பிட்ட மெஃப்ளோகுயின் மாத்திரை. தலையில் அடி, வலிப்பு, சர்க்கரைக் குறைவு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் டாக்டர்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது? உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, போலீஸுக்குச் சொல்ல வேண்டும். மனநோயால் அலைகிறவர் எனத் தோன்றினால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது காவல்துறையின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

அவரை நான் பஸ் ஏற்றியது உதவி இல்லை. தேடுகிறவர்களிடமிருந்து இன்னும் தூரமாக அனுப்பிவிட்டேன். படிக்காத ஆயாவுக்குத் தெரிந்தது, பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

தம்பி தங்கைகளே, பெயர் தெரியாத ஒருவர் எதிரே வந்தால் பஸ் ஏற்றிவிடாதீர்கள். கூட இருங்கள்.