கப்பலை விட்ட வணிகர்

(பொன்விழா நவநாளில் பங்குக்குரு ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நமக்குக் கொடியேற்றமும், தேர்ப்பவனியும், விருந்தும் நினைவுக்கு வரும். லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரமோ, ஐம்பதாம் ஆண்டில் வாங்கிய நிலத்தைப் பழைய சொந்தக்காரனிடமே விட்டுவிடச் சொல்கிறது. கையில் இருப்பதை விடுவதே அங்கே விழா.

நம் மயிலாப்பூரிலேயே ஒருவர் அப்படிக் கொண்டாடினார். 1545-இல் புனித சவேரியார் இங்கே தோமையாரின் கல்லறையருகே சுமார் நான்கு மாதம் தங்கிச் செபித்தார். அப்போது ஜுவான் தே எய்ரோ என்ற வணிகர் அவரைத் தேடி வந்தார். வயது 35. சொந்தக் கப்பல், அதில் சரக்கு. சவேரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர், கப்பலையும் சரக்கையும் துறந்து ஏழையாக வாழத் தீர்மானித்தார். அதே ஆண்டு நவம்பரில் மலாக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியாரே இதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார்.

சரித்திர ஆசிரியர்கள் இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் ஆறுதல் தரும் பகுதி அதுதான். துறந்த மனிதர், சில நாளில் மனம் மாறி, யாருக்கும் தெரியாமல் வேறொரு கப்பலை வாங்கிவிட்டார்! புறப்படவிருந்த நேரத்தில் சவேரியார் ஒரு சிறுவனை அனுப்பி அவரை அழைத்தார். தலைகுனிந்து வந்தார். மறுபடி பாவசங்கீர்த்தனம், மறுபடி கப்பல் விற்பனை. பணம் ஏழைகளுக்குப் போயிற்று. பிற்காலத்தில் அவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவியானார்.

என் கதையும் கேளுங்கள். குருமடத்தை விட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவன் நான். இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்தபோது ஒரு டெம்போ போதவில்லை. போகும் இடமெல்லாம் மக்கள் போர்த்திய பொன்னாடைகளே ஒரு பீரோ நிறைய! 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீடுகளில் புகுந்தபோது, என் அறையிலிருந்த துணிமணிகளை அள்ளிக் கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டும் திரிந்தேன். ஆனால் பிரிக்காத கம்பளிப் போர்வைகள் இரண்டை மட்டும் பீரோவின் அடியில் தள்ளி வைத்தேன். நனைந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத் தரையில் படுத்திருந்த இரவு அது. சென்னை வெயிலில் எனக்குக் கம்பளி எதற்கு? இன்றுவரை அவற்றைப் பிரிக்கவில்லை.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் வின்சென்ட் தே பவுல் சபையினர் மண்டப வாசலில் இருப்பார்கள். கிழிந்ததையும் உடைந்ததையும் அவர்கள் தலையில் கட்டவேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் ஒன்றைக் கொண்டு வாருங்கள். அந்த இரண்டு போர்வைகளும் முதலில் வரும். அடுத்த வாரமே நான் இன்னொரு கப்பலை வாங்குவதைக் கண்டால், பீடச் சிறுவன் ஒருவனை என் அறைக்கு அனுப்புங்கள்.